புல்மோட்டைக் கருமணலும் ஆக்கவுரிமையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைக் கேள்வியுறாதார் அரியர். கோணேசர் குடிகொண்ட மலைமுனையும், பெருங்கப்பல்கள் அச்சமின்றி நங்கூரமிடும் ஆழ்ந்த உட்கடலும் அதன் புகழை நெடுந்தொலைவு பரப்பியுள்ளன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என நாற்றிறத்தாரும் அதன் பொருட்டுப் பொருதனர். அத்துறைமுக மாவட்டத்தின் வடகோடியிலே, கொக்கிளாய்க் கடனீரேரிக்கு அண்மையில், புல்மோட்டை என்னும் ஊரின் கரையில் வேறொரு செல்வம் கிடக்கிறது. அது முத்துமன்று, பவளமுமன்று. வெயிலில் மினுங்கும் கருமணல். அம்மணலின் வரலாறு வேதியியலோடு மட்டும் நின்றுவிடவில்லை. மனிதனின் அறிவுக்கு விலை குறிப்பது எவ்வாறு என்னும் சட்டப் பிரச்சினையையும் அது தன்னுள் அடக்கியுள்ளது.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடலின் அலைகள் அக்கரையை ஓயாது மோதுகின்றன. பாரங்குறைந்த வெண்மணலை அலை மீட்டுக்கொண்டு செல்ல, பாரங்கூடிய கருமணிகள் கரையிலேயே தங்குகின்றன. சுளகிலே நெல்லைப் புடைப்பவள் பதரை விலக்கி மணியை நிறுத்துவது போன்ற செயல் இது. இவ்வாறு சேர்ந்த மணலில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு இல்மனைற்று என்னும் கனியமாகும். எஞ்சியவற்றுள் உரூத்தைல், சிர்க்கோன் ஆகியவை முக்கியமானவை. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கூடிய பொருள். தூய இல்மனைற்றின் நிறையில் பாதிக்குச் சற்றுக் கூடிய பங்கு தைத்தேனியம் ஈரொட்சைட்டாகக் கணக்கிடப்படும்.

1957ஆம் ஆண்டு திருகோணமலையின் வரலாற்றில் இரு வகையாலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. அதே ஆண்டிலேயே இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனமும் நிறுவப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் புல்மோட்டையில் இல்மனைற்றைப் பிரித்தெடுக்கும் ஆலை இயங்கலாயிற்று. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் உரூத்தைலையும் சிர்க்கோனையும் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. பிரித்த மணல் யப்பான் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறிற்று. பின்னர் நாட்டில் மூண்ட போர் இத்தொழிலையும் விட்டுவைக்கவில்லை. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் மணல் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிற்றி’ என்னும் கப்பல் தாக்குண்டது. இவ்வளவு இடருக்கும் நடுவே வெளிநாட்டார் விரும்பி வாங்கிச் சென்ற இக்கருமணல், அங்கே என்னவாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

இத்தகைய கருமணல் ஒன்றே தைத்தேனியத்தை முதன்முதல் உலகுக்குக் காட்டியது. 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியைச் சேர்ந்த வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார், தம் ஊர்ப்புறத்து ஓடையிற் கிடந்த கருமணலை ஆராய்ந்தார். காந்தம் கவர்ந்த அம்மணலில் இரும்பு நீங்கலாக, முன்னர் அறியப்படாத ஒரு பொருளும் உண்டெனக் கண்டார். 1795இல் செருமானிய வேதியியலறிஞர் கிளாப்புரோத்து உரூத்தைலில் அதே பொருளைக் கண்டு, கிரேக்கப் புராணத்து அரக்கராகிய தைத்தானியரின் பெயரால் அதற்குத் தைத்தேனியம் என்று பெயரிட்டார். புவியோட்டில் அது மலிந்த தனிமங்களுள் ஒன்றாயினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பயன் ஒன்றும் அதற்குக் கிடைக்கவில்லை.

அந்நாளில் வீட்டுக்கும் கப்பலுக்கும் பூசப்பட்ட வெள்ளைத் தீந்தை ஈயவெள்ளையால் ஆனது. ஈயம் நஞ்சு, பூசுவோரின் உடலை அது மெல்ல மெல்ல அரித்தது. 1921ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம், ஈயவெள்ளையைத் தீந்தையிற் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை ஏற்கும் அளவுக்கு அக்கேடு பெருகியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சிப் பகுதியிலும் நோர்வே நாட்டிலும் தனித்தனியே உழைத்த அறிஞர்கள், கரிய இல்மனைற்றிலிருந்து தூய வெண்ணிறப்பொருளை ஆக்கும் வழியைக் கண்டனர். மணலைச் செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கரைத்து, இரும்பை நீக்கி, எஞ்சிய கரைசலிலிருந்து வெள்ளை வீழ்படிவைப் பெற்று, அதனைச் சூளையிற் சுட்டெடுத்தனர். ஒளியை வளைத்துச் சிதறச் செய்யும் ஆற்றலில் ஈயவெள்ளை அதனோடு போட்டியிட இயலாது. கையளவு தைத்தேனிய வெள்ளை பெரியதொரு சுவரின் கறையை மறைத்துவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1909ஆம் ஆண்டில் திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றிற் கலந்திருந்த மணலை ஆராய்ந்த சோம்பெர்க்கு என்னும் செருமானியர், அதில் மொனசைற்று இருப்பதைக் கண்டார். அதன் பயனாக இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கனிய மணற் தொழில் தோன்றிற்று. 1946இல் திருவனந்தபுரத்தில் தைத்தேனிய வெள்ளை ஆக்கும் நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஒரே வகை மணலைப் பெற்றிருந்த இரு கரைகளுள் ஒன்று மணலை வெள்ளையாக்கக் கற்றது. மற்றையது பெரும்பாலும் மணலாகவே விற்றது.

வெள்ளைத் தீந்தை ஆக்கியோர்க்கு விரைவில் ஓர் இடர் நேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளக் கதிரவனின் ஒளியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஊதா நிறத்துக்கு அப்பாலும் ஒளியுண்டு என்பதை 1801இல் செருமானியராகிய ரிற்றர் என்பார் கண்டறிந்தார். அதனை ஊதாக்கடந்த கதிர் என்றும், புற ஊதாக் கதிர் என்றும் வழங்குவர். மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய நனோமீற்றரால் அளந்தால், தரையை வந்தடையும் ஊதாக்கடந்த கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 400 வரையாகும். எண்ணெய், பிசின், நைலோன் முதலிய சேதனப் பொருள்களின் அணுப்பிணைப்புகளை அறுக்கப் போதிய வலு அக்கதிருக்கு உண்டு. திருகோணமலை நடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைந்த தொலைவிலுள்ளது. ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணியிலும், நண்பகற் கதிரவன் அங்கே தலைக்கு நேரே நிற்கிறான். கரையில் இழுத்துவிட்ட படகின் தீந்தை சில பருவங்களில் மங்குவதும், உலர்த்திய நைலோன் வலை இற்றுப்போவதும் அங்குள்ள மீனவர் நாளும் காணும் காட்சிகள்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஊதாக்கடந்த கதிரை வலுவாக உறிஞ்சுவது. ஆகவே அது கலந்த தீந்தை வெயிலை நன்கு தாங்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு. தொடக்க காலத்துத் தைத்தேனிய வெள்ளை பூசிய சுவரைச் சில ஆண்டுகளின் பின் கையால் தடவினால், சுண்ணாம்புப் பொடி போன்ற வெண்டூள் விரலில் ஒட்டிற்று. 1929இல் செருமனியில் கைடெல் என்பார் இதனைக் குறித்து எழுதினார். 1938இல் இலண்டனில் குடீவும் கிச்சினரும் செய்த ஆய்வு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒளியை உறிஞ்சியபின் தன் அயலிலுள்ள பொருளை ஒட்சியேற்றி அழிக்கத் தூண்டுகிறது எனக் காட்டிற்று. கதிரைத் தடுக்கும் காவலனே, அக்கதிரின் வலுவைப் பெற்று, தன்னைத் தாங்கிய பிசினைச் சிதைக்கும் பகைவனும் ஆயினான். உரூத்தைல் வடிவத்தினும் அனாத்தேசு வடிவத்தில் இக்கேடு மிகுதி.

இவ்விடரைத் தீர்க்க இரு வழிகள் தோன்றின. முதல் வழி, வெள்ளையின் ஒவ்வொரு துணிக்கையையும் அலுமினியம், சிலிக்கன், சிர்க்கோனியம் ஆகியவற்றின் ஒட்சைட்டினாலான மெல்லிய உறையால் மூடுதல். கதிர் உள்ளே சென்று உறிஞ்சப்படும். அதனால் எழும் தீவினை உறையைத் தாண்டிப் பிசினை எட்டாது. இரண்டாம் வழி, கண்ணுக்கு நிறமற்ற சேதன உறிஞ்சிகளைத் தீந்தையிற் கலத்தல். 1950களிலும் 1960களிலும் பென்சோபீனோன், பென்சோதிரையசோல் என்னும் குடும்பங்களைச் சேர்ந்த இத்தகைய பொருள்கள் பரவின. சுவிற்சலாந்தின் பாசெல் நகரத்துக் கைகி நிறுவனம் பின்கூறிய குடும்பத்தில் முன்னணியில் நின்றது. அம்மூலக்கூறு கதிரை ஏற்றதும் அதனுள்ளே ஓர் ஐதரசன் அணு ஓரிடம் விட்டு மற்றோரிடம் தாவும். பின் பழைய இடத்துக்கே மீளும். ஏற்ற வலு முழுவதும் சிறு வெப்பமாகக் கழிந்துவிட, மூலக்கூறு சிதையாது மீண்டும் பணிக்கு அணியமாகும்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. புதிய உறை ஒன்றையோ புதிய உறிஞ்சி ஒன்றையோ கண்டவர், குறிப்பிட்ட காலத்துக்கு அதனைத் தாமே ஆக்கவும் விற்கவும் அரசிடம் கேட்கும் தனியுரிமையே ஆக்கவுரிமை. அதற்கு ஈடாக அவர் தம் வழியை மறைக்காது எழுதி வெளியிடல் வேண்டும். காலம் கடந்தபின் அது எல்லார்க்கும் பொதுவாகும். ஆயின் கேட்டவர்க்கெல்லாம் இவ்வுரிமை கொடுபடுவதில்லை. பொருள் புதியதாயிருத்தல் வேண்டும். தொழிலிற் பயன்படுதல் வேண்டும். இவற்றினும் கடினமான மூன்றாவது நிபந்தனை, அத்துறையிற் சாதாரணத் தேர்ச்சி பெற்ற ஒருவர்க்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாயிருத்தலாகாது என்பது.

புதியதா அன்றா என்பதை ஏடுகளைப் புரட்டி முடிவுசெய்யலாம். வெளிப்படையா அன்றா என்பதை முடிவுசெய்தல் அத்துணை எளிதன்று. கிராமத்து முற்றத்தில் நிலவொளியிற் போடப்படும் நொடியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். விடை தெரியாதபோது முதியோரும் தலையைச் சொறிவர். அவிழ்த்துச் சொன்னபின், “இதுதானா, இது எனக்கும் தெரியுமே” என்று சிறுவனும் நகைப்பான். ஆக்கவுரிமையை ஆராயும் அதிகாரியும் நீதிபதியும் எப்போதும் விடை அவிழ்ந்த பின்னரே நொடியைக் கேட்கும் நிலையிலுள்ளனர். ஆதலின் நகைக்கும் சிறுவனின் பிழை தம்மைப் பற்றாதிருக்க அவர்கள் வழி தேட வேண்டியதாயிற்று.

அத்தேட்டத்தின் ஒரு பழைய கட்டம் கப்பல்களோடு தொடர்புடையது. வெப்பக் கடல்களில் மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழு துளைக்கும். சிப்பியும் பாசியும் பற்றி வேகத்தைக் குறைக்கும். 1761இல் பிரித்தானியக் கடற்படை ‘அலாம்’ என்னும் கப்பலின் அடியைச் செம்புத் தகட்டால் மூடிச் சோதித்தது. செம்பு மெல்லக் கரைவதால் உயிர்கள் பற்றவில்லை. ஆனால் தகடும் தேய்ந்தது. 1824இல் அம்பிரி டேவி என்னும் பேரறிஞர், செம்போடு வேறு உலோகத் துண்டுகளை இணைத்து அதன் தேய்வைத் தடுத்தார். தேய்வு நின்றது, அதனோடு செம்பின் நச்சுக் காவலும் நின்றது, சிப்பிகள் மீண்டும் பற்றின. 1832இல் பேர்மிங்காமைச் சேர்ந்த மண்ட்சு என்பார், செம்பு 60 பங்கும் துத்தநாகம் 40 பங்குமாகக் கலந்த தகட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அது செம்பினும் மலிவு. வேண்டிய அளவுக்கே கரைந்து கப்பலைத் தூய்மையாக வைத்தது. பித்தளை பண்டைக்காலந் தொட்டு அறியப்பட்டதன்றோ, இதிற் புதுமை என்னை என்று எதிரிகள் 1840களில் வழக்காடினர். வெற்றி மண்ட்சின் பக்கமாயிற்று. உலோகங்கள் பழையன, ஆயினும் அந்த அளவிற் கலந்தால் அந்தப் பயன் விளையும் என்பதை முன்னர் எவரும் உலகுக்கு அறிவித்திலர்.

1851இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதற்கு மாறான முடிவுக்கு வந்த வழக்கும் உண்டு. கதவின் கைப்பிடிக் குமிழை மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த காலத்தில், அதே வடிவத்தைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்தவர் ஆக்கவுரிமை பெற்றிருந்தார். ஒரு பொருளுக்குப் பதில் வேறொரு பொருளை இடுதல் கைத்தொழிலாளனின் திறமையேயன்றிப் புத்தாக்கன் வேலையன்று என நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. இவ்விரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வேறுபாடு புலப்படும். பீங்கான் குமிழ் பீங்கானிடம் எவரும் எதிர்பார்த்ததையே செய்தது. மண்ட்சின் பித்தளையோ எதிர்பார்க்க இயலாததைச் செய்தது.

இங்கிலாந்தில் 1910இல் பிளெச்சர் மோல்டன் என்னும் நீதிபதி, முடிவை அறிந்தபின் எளிய படிகளாக அதனைப் பிரித்துக் காட்டி, முன்னரே யாவர்க்கும் தெரியும் எனக் கூறுவது புத்தாக்கனுக்கு அநீதி என எச்சரித்தார். 1932ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படைத் தன்மையை ஆக்கவுரிமை நீக்கத்துக்கான காரணமாக எழுத்தில் ஏற்றது. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே செய்தது. 1966இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கிரகாம் வழக்கில் ஒழுங்கான முறை ஒன்றை வகுத்தது. முன்பிருந்த அறிவு யாது, அதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு யாது, அத்துறையிற் சாதாரணத் தேர்ச்சி எத்தகையது என்னும் மூன்றையும் முதலில் நிறுவல் வேண்டும். நெடுங்காலம் உணரப்பட்ட குறை, பிறர் முயன்று தோற்றமை, சந்தையிற் பெற்ற வெற்றி ஆகியவற்றையும் துணைச்சான்றாகக் கொள்ளலாம். அதே நாளில் தீர்ந்த ஆடம்சு வழக்கில், நீர் ஊற்றியதும் இயங்கும் மின்கலம் ஒன்று ஆராயப்பட்டது. அதன் உறுப்புகள் யாவும் அறிந்தவையே. ஆயினும் வல்லுநர்கள் முதலில் அதனை நம்ப மறுத்தமையே அது வெளிப்படையன்று என்பதற்குச் சான்றாயிற்று.

இந்தியாவின் உயர் நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு திசம்பரில் இப்பொருளைத் தீர்த்தது. மிர்சாப்பூரைச் சேர்ந்த உலோகத் தொழில் நிறுவனம் ஒன்று, பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்திற் பற்றிப் பிடிக்கும் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தது. பழைய கருவியிற் செய்த சிறு மாற்றம் பட்டறைத் திருத்தமேயன்றிப் புத்தாக்கமன்று என நீதிமன்றம் கூறி, அவ்வுரிமை செல்லாது என்றது. பட்டறையில் உழைக்கும் ஆயிரம் பேரின் அன்றாடத் திருத்தங்களை ஒருவர் வேலியிட்டு அடைக்கலாகாது என்பதே அதன் கருத்து.

இனி இவ்வளவையும் வெயில்தாங்கும் மேற்பூச்சுக்கு ஏற்றிப் பார்க்கலாம். ஒருவர் மூன்று பொருளைக் கலந்த படகுப் பூச்சுக்கு ஆக்கவுரிமை கேட்பதாகக் கொள்க. அலுமினா உறையிட்ட உரூத்தைல் துணிக்கை ஒன்று. பென்சோதிரையசோல் உறிஞ்சி ஒன்று. பிணைக்கும் பிசின் ஒன்று. மூன்றும் தனித்தனியே ஏடுகளிற் கூறப்பட்டவை. ஒவ்வொன்றும் கலவையில் தன் பழைய வேலையை மட்டும் செய்தால், துறையறிந்த வேதியியலாளர் எவரும் அவற்றைக் கூட்டியிருப்பர். அது பீங்கான் குமிழைப் போன்றது. உறிஞ்சியின் அளவை நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 2 ஆக்கியதால் ஆயுள் சிறிது கூடியது என்றாலும் நிலை மாறாது. அத்தகைய அளவுச் சோதனை ஆய்வுகூடத்தின் நாட்கூலி வேலையாகும்.

அதே கலவையில் இரண்டு பாதுகாப்பையும் கூட்டியதால் எதிர்பார்த்ததன் பன்மடங்கு ஆயுள் விளைந்தது எனச் சோதனை காட்டினால் வழக்கு வேறாகிறது. அக்கலவை பயன்படாது என ஏடுகள் எச்சரித்திருந்தும் ஒருவர் துணிந்து செய்து வென்றிருந்தால் அவர் பக்கம் மேலும் வலுக்கிறது. தைத்தேனிய வெள்ளையின் கதையிலேயே இது விளங்கும். கதிரை உறிஞ்சும் பொருளே பிசினை அழிக்கிறது என்பது அறியப்படும் முன், ஒவ்வொரு துணிக்கைக்கும் உறையிட வேண்டும் என்னும் எண்ணம் எவர்க்கு எழும்? அழிவுக்குக் காரணம் வெளிப்பட்டபின், உறையிடுதல் பலர்க்கும் தோன்றக்கூடும். எவ்வொட்சைட்டால் எத்துணைத் தடிப்பில் இடுவது என்பது மீண்டும் கடினமாகும். ஆகையால் நீதிபதி கேட்க வேண்டிய முதற்கேள்வி ‘எப்பொழுது’ என்பதாகும். விண்ணப்பித்த நாளன்று துறையினர் எதனை அறிந்திருந்தனர், எதனை அறிந்திலர் என்பதை நிறுவாமல் அடுத்த கேள்விக்குச் செல்லுதல் தகாது.

இலங்கையில் 1906ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் நிலவிற்று. அதன் இடத்தை 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துக் கோவையும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஏற்றன. புதுமை, புத்தாக்கப் படி, தொழிற்பயன் ஆகிய மூன்று நிபந்தனைகளும் இச்சட்டத்தில் உள்ளன. துறைத்தேர்ச்சி பெற்றவர்க்கு வெளிப்படையாகாதது என்னும் அளவுகோலும் அதுவே. உரிமையின் காலம் 20 ஆண்டுகள். ஆக்கவுரிமை அது வழங்கப்பட்ட நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இலங்கையிற் பதியப்படாத உரிமை இலங்கையின் தீந்தை ஆலையைத் தடுக்காது. ஆனால் அவ்வாலையின் பொருள் அவ்வுரிமை நிலவும் நாட்டுக்கு ஏற்றுமதியானால் அங்கே தடுக்கப்படும்.

முன்பிருந்த அறிவு என்பது அச்சேறிய ஆங்கில ஏடுகள் மட்டுந்தானா என்னும் கேள்வியும் தமிழர்க்கு முக்கியமானது. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் அமெரிக்க அரசுத் திணைக்களம் ஒன்றுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் உரிமை வழங்கிற்று. வேம்பின் பயனை வழிவழியாக அறிந்த இந்திய உழவரின் வழக்கம் சான்றாக வைக்கப்பட, 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2001இல் இந்தியா தன் மரபறிவைப் பன்மொழியில் தொகுத்து ஆராய்வோர் பார்வைக்கு வைக்கும் பணியைத் தொடங்கியது. கரையோரத் தமிழரும் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் படகுக்குப் பூசிவந்தவரே. எழுதி வையாத அறிவை நெடுந்தொலைவில் அமர்ந்திருக்கும் அதிகாரி அறியார். அறியாததை அவர் கணக்கில் எடுக்கவும் மாட்டார்.

அளவுகோல் இருபுறமும் பிழைக்கக்கூடியது. அது தாழ்ந்தால், பழைய உறிஞ்சியின் பெயரிலும் அளவிலும் சிறு மாற்றம் செய்து அடுத்தடுத்து உரிமை பெறும் பெருநிறுவனங்கள் துறை முழுவதையும் வேலியிட்டுவிடும். புதிதாகத் தொழில் தொடங்கும் சிறிய ஆலை எப்பக்கம் திரும்பினும் ஒரு வேலியில் முட்டும். அது மிக உயர்ந்தால், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு உழைத்துப் புதுவழி கண்டவர்க்கும் ‘இது எவர்க்கும் தெரிந்ததே’ என்னும் விடை கிடைக்கும். அவர் வழியைப் பெருமுதல் உடையவர் விலையின்றி எடுத்துக்கொள்வர். புல்மோட்டை மணலிலிருந்து வெண்ணிறப்பொருளை இலங்கையிலேயே ஆக்குவது பற்றி உள்நாட்டு அறிஞர் ஆய்வுகள் செய்துள்ளனர். அத்தகையோர்க்கு இரண்டு பிழையும் ஒருங்கே தீங்காகும்.

தைத்தேனிய வெள்ளையின் முதல் ஆக்கவுரிமைகள் நெடுங்காலத்துக்கு முன்னரே காலாவதியாயின. மணலைச் சல்பூரிக்கமிலத்திற் கரைக்கும் வழியும், துணிக்கைக்கு அலுமினா உறையிடும் வழியும் இன்று எவரும் கற்றுச் செய்யத்தக்கவை. அவ்வுரிமைப் பத்திரங்களே பாடநூலாகக் கிடக்கின்றன. ஆக்கவுரிமைச் சட்டம் மக்களுக்குச் செய்யும் கைம்மாறு இதுவே. அதனைப் படித்துப் பயன்கொள்ளும் வேதியியலாளரும், அதற்கு மேல் ஒரு படி சென்றவரின் உழைப்பை நேர்மையாக எடைபோடும் நீதிபதியும் அமைந்தால், வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் புல்மோட்டைக் கரையிற் சேர்க்கும் கருமணல், அக்கரையின் படகுகளுக்கே வெயில்தாங்கும் வெண்பூச்சாக மாறலாகும்.